ஒற்றைக் கட்டில்

மார்ச் 4, செவ்வாய்

அடுத்த மாத டியூட்டி சார்ட்டுக்கு அடிபோட்டாகிவிட்டது. வார்டுக்குப் புதிதாக வந்த இரண்டு சிஸ்டர்களும் டிரெஸ்ஸிங் டிராலியைக்கூட ஆளுக்கொரு கை போட்டுத்தான் தள்ளுகிறார்கள். அப்படி என்ன ஒட்டு? ஒருத்திக்குக் காலை, இன்னொருத்திக்கு மதியம். ஹேண்ட் ஓவர் நேரத்தில் முகத்தைப் பார்த்துக்கொள்ளட்டும், போதும். சேர்ந்து சிரிக்கிற இடத்தில் ஊசி நேரம் தவறும். யாரும் கூட நிற்க விரும்பாத ஆளுக்கு நைட். இத்தனை வருஷமாக இதுதான் என் முறை, இந்த வார்டில் ஒரு நோயாளிக்கும் மருந்து மாறியதில்லை. முதுகுக்குப் பின்னால் என்னைக் ‘கத்திரி’ என்கிறார்கள். தெரியும். கூப்பிடட்டும். மொக்கைக் கத்திரி என்றால்தான் வருத்தப்பட வேண்டும்.

வீட்டுக்கு வந்தால் பொண்ணு விமான டிக்கெட்டை நீட்டுகிறாள். ஏப்ரல் பத்தொன்பது. வேலைக்குக் கடல் தாண்டிப் போகிறாள், எப்போது திரும்புவாள் என்று அவளுக்கே தெரியாது. நான் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுப் படிப்பதற்குள், "அத்தை பாத்துட்டு அழுதுட்டாங்கம்மா" என்கிறாள். அப்படியானால் டிக்கெட் முதலில் மாடிக்குப் போய்விட்டுத்தான் கீழே வந்திருக்கிறது.

எப்பவும் அப்படித்தானே.

மார்ச் 6, வியாழன்

மாடி என்றால் இவருடைய தங்கை. கல்யாணம் வேண்டாம் என்று மேலே ஒரு அறையில் ட்யூஷன் எடுத்துக்கொண்டு இருபது வருஷமாக உட்கார்ந்திருக்கிறது. நான் நைட் போன காலத்தில் குழந்தையை அங்கேதான் தூங்க வைத்தார்கள். காலையில் நான் வந்து தூக்கினால் அழும். இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவார்கள் என்று சும்மாவா சொன்னார்கள். நான் கொடுத்தது இடம், பிடுங்கியது பிள்ளை.

இன்று எக்ஸ்ரே டெக்னீஷியன் ஒரு மலையைப் பற்றிச் சொன்னார். அதிகம் பேர் போகாத மலையாம். அடிவாரம் வரை பஸ், அப்புறம் நடை. கீழ் ஊரில் சாப்பாடு, மேல் ஊரில் தங்கல். ஓட்டல் கிடையாது, ஊர்க்காரர்கள் வீட்டிலேயே கட்டில் போட்டுக் கொடுப்பார்களாம். போன் சிக்னலும் கிடையாது.

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் எனக்கு முடிவாகிவிட்டது. மாடியிலிருந்து ஒரு சத்தம் வராத இடத்தில், ஒரே அறையில், நானும் என் பொண்ணும். என்ன பேசுவேன்? தெரியவில்லை. அவளுக்கு என்னிடம் கேட்க என்னவெல்லாம் இருக்கிறதோ. போகிறதுக்குள் ஒருமுறையாவது அவள் தூங்கும்வரை பக்கத்தில் படுத்திருக்க வேண்டும். அவ்வளவுதான். இது பெரிய ஆசையா?

சாப்பிடும்போது சொன்னேன். பொண்ணு குதித்தாள். குதித்து முடித்ததும், "அத்தையையும் கூட்டிட்டுப் போலாம்மா" என்றாள். இவரும் சோற்றைப் பிசைந்துகொண்டே, ஆமாம் ஆமாம், நாலு பேருமாகப் போனால் நன்றாக இருக்கும் என்றார். இவருக்கு எல்லாமே நன்றாக இருக்கும். ஆஸ்பத்திரிக் கேண்டீன் டீகூட நன்றாக இருக்கும்.

மார்ச் 9, ஞாயிறு

மலைக்காரியிடம் போனில் பேசினேன். அந்த ஊர் வீடுகளுக்கெல்லாம் ஆள் அனுப்புவது அவள்தான், வழிகாட்டிக் கூட்டிப் போவதும் அவள்தான். கட்டைக் குரல். நான் ஆஸ்பத்திரியில் வார்டு இன்-சார்ஜ் என்றதும், "சரிம்மா, அதுக்கென்ன" என்றாள்.

மேல் ஊரில் இரண்டே வீடுதான் ஆள் ஏற்கும். ஒன்றில் மூன்று கட்டில். இன்னொன்றில், விறகுக் கொட்டகையை ஒட்டின அறையில், ஒற்றைக் கட்டில். ஆக நாலு பேரில் ஒருத்தர் தனியாகப் படுத்தாக வேண்டும். எனக்கு யோசிக்க ஒரு நொடி ஆகவில்லை. நாத்தனாருக்கு ஒற்றைக் கட்டில், எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.

அவள் எழுதிக்கொள்ளவில்லை. கட்டில் பிரிக்கிறது அவள் வேலையாம். வருகிற ஒவ்வொருத்தரையும் தனித்தனியாகப் போனில் கூப்பிட்டுப் பேசுவாளாம். உடம்பில் எங்கே வலி, யார் பக்கத்தில் படுத்தால் நிம்மதி, யார் பக்கத்தில் வேண்டாம் — இதைக் கேட்டுவிட்டுத்தான் கட்டில். முன்னே ஒருமுறை இரண்டு பேர் அறையில் சண்டை போட்டு, ஒருத்தர் இருட்டில் கோபித்துக்கொண்டு வெளியே போய்ப் பள்ளத்தில் விழுந்தாராம். "மலையில கோவிச்சுக்கிட்டுப் போக ரோடு கிடையாதும்மா" என்றாள். இன்னொரு சட்டமும் வைத்திருக்கிறாள். யார் மெதுவாக நடக்கிறார்களோ அவர்தான் முன்னால் நடக்க வேண்டும், மற்றவர்கள் அவர் பின்னால், யாரும் முந்தக் கூடாது.

எனக்கே டியூட்டி போடுகிறாளாம். நாலு பேர் நம்பரையும் கொடுத்துவிட்டு வைத்தேன்.

மார்ச் 10, திங்கள்

காலையிலிருந்து மாடிப்படியில் தட், தட், தட். என்னவென்று பார்த்தால் மாடி படியேறி இறங்கிப் பழகுகிறது. வலது முட்டி தேய்ந்து வருஷமாகிறது, இறங்கும்போது ஒவ்வொரு படிக்கும் கைப்பிடியை அழுத்திப் பிடித்து நிற்கிறது. நொண்டிக்கு மலையேற ஆசை. பொண்ணு கீழே நின்று கைதட்டுகிறாள்.

நான் கிளம்பும்போது எக்ஸ்ரே கவரைக் கொண்டுவந்து கொடுத்தது. "அண்ணி, உங்க எலும்பு டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்றீங்களா? அவர் வேண்டாம்னா நான் வரல. வழியில உங்களுக்கெல்லாம் பாரமாயிடக் கூடாது பாருங்க."

கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். எவ்வளவு பதவிசாகப் பேசுகிறது.

மார்ச் 14, வெள்ளி

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தாராளமாகப் போகலாம் என்றார். முட்டிக்கு உறை போட்டுக்கொள்ளட்டும், கையில் கோல் இருக்கட்டும், இறக்கத்தில் நிதானம், அவ்வளவுதான். நடப்பது நல்லது என்றும் சொன்னார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். மாடி மூன்றாவது படியில் உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தது. நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்றேன். ஏறுவது பரவாயில்லை, அந்த இறக்கத்தில் ஒருமுறை இறங்கினால் முட்டி அதோடு சரி, அப்புறம் ஆபரேஷன், அப்புறம் வாக்கர். என்னமோ எனக்கே மனசு கேட்கவில்லை, உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன் என்றும் சேர்த்துக்கொண்டேன். பொய் சொல்லும்போது என் குரல் இவ்வளவு இதமாக வரும் என்று எனக்கே தெரியாது. சாகப் போகிற நோயாளியிடம் பேசுகிற குரல் அது.

என் முகத்தையே பார்த்தது. "டாக்டரே சொன்னாரா அண்ணி?"

"அவரேதான்."

கொஞ்ச நேரம் கவரைத் தடவிக்கொண்டிருந்தது. பிறகு, குழந்தைக்கு இதைச் சொல்ல வேண்டாம், தெரிந்தால் அவளும் போகாமல் நின்றுவிடுவாள், ட்யூஷன் பிள்ளைகளுக்குப் பரீட்சை என்று நானே சொல்லிக்கொள்கிறேன் என்றது. கைப்பிடியைப் பிடித்து எழுந்து மேலே போனது.

எனக்குப் பாவமாக இருந்ததா? இல்லை. பொய் எதற்கு. பசித்தது, நன்றாகச் சாப்பிட்டேன்.

மார்ச் 17, திங்கள்

படியில் சத்தம் இல்லை.

மார்ச் 19, புதன்

பொண்ணுக்கு முகம் தொங்கிவிட்டது. நாம் கிளம்புவது ஏப்ரல் ஐந்து சனிக்கிழமை, அன்று என்ன பரீட்சை என்று மாடியைக் குடைகிறாள். குடையட்டும். மாடி சொன்ன சொல்லில் நிற்கும், அந்த ஒரு குணம் உண்டு.

மலைக்காரிக்குப் போன் போட்டு, இனி மூன்று பேர்தான், மூன்று கட்டில் வீடு மட்டும் போதும் என்றேன். வராதவரிடமும் ஒருமுறை பேசிவிட்டுத்தான் கழிப்பேன் என்கிறாள். என்ன பொம்பளை இவள்.

மார்ச் 22, சனி

நானும் பொண்ணும் மட்டும் ஷூ வாங்கப் போனோம். நாங்கள் இரண்டு பேராக வெளியே போய் எத்தனை காலம் ஆயிற்று! கடையில் அவளை உட்கார வைத்து, நானே குனிந்து கயிறு கட்டிவிட்டேன். விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும், இறக்கத்தில் நகம் இடிக்கும். அழுத்திப் பார்த்தேன். இது சின்னது, உன் கால் ஏழு என்றேன்.

"எட்டும்மா. காலேஜ் சேர்ந்ததுலேர்ந்து எட்டுதான்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனாலும் அத்தைக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தாள், அவள் கண்ணில் பார்த்தேன். இல்லை, நானாகக் கற்பனை பண்ணுகிறேனா?

பில் போடும் இடத்தில் முட்டிக்கு மாட்டுகிற உறை தொங்கியது. அதை எடுத்து இழுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டாள். திரும்பும் வழியில் டீ குடித்தோம். அவள் டம்ளரில் இருந்த ஆடையை நான் எடுத்துப் போட்டேன். சின்ன வயசில் ஆடை இருந்தால் குடிக்க மாட்டாள். "இப்பெல்லாம் குடிப்பேன்மா" என்றாள். இருந்தாலும் நான் எடுத்ததை வேண்டாம் என்று சொல்லவில்லை. இன்று நல்ல நாள்.

மார்ச் 23, ஞாயிறு

மலைக்காரி என் முறைக்குக் கூப்பிட்டாள். எங்கே வலி? எங்கேயும் இல்லை, நாள் முழுக்க நிற்கிற கால் இது என்றேன். யார் பக்கத்தில்? என் பொண்ணு. யார் பக்கத்தில் வேண்டாம்? நாத்தனார் பக்கத்தில் வேண்டாம், ஆனால் அவள்தான் வரவில்லையே என்றேன்.

"வராதவங்களைப் பத்தி நான் கேக்கலையேம்மா. அவங்க உங்க மனசுல இவ்ளோ இருக்காங்களா?"

வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மார்ச் 27, வியாழன்

புது சிஸ்டர்களில் குட்டையானவள் வந்து நின்றாள். தோழியின் அப்பாவுக்கு முடியவில்லையாம், பஸ்ஸில் தனியாகப் போகும்போது அழுகிறாளாம், ஒரு வாரம் மட்டும் ஒரே ஷிஃப்ட் கொடுத்தால் கூடப் போய்த் துணையாக இருப்பாளாம். அழுகைக்கெல்லாம் சார்ட் மாற்றினால் நான் வார்டு நடத்த முடியாது என்றேன். போயிருக்க வேண்டியதுதானே? வாசல்வரை போனவள் திரும்பி, "நீங்க யார்கூடயாவது ஆசைப்பட்டு டியூட்டி பாத்திருக்கீங்களா மேடம்?" என்றாள்.

வார்டே கேட்டது. பதினாலாம் நம்பர் படுக்கைக்காரர் போர்வைக்குள் சிரிக்கிறார்.

ஏப்ரல் முழுக்க அவளுக்கு நைட் போட்டேன். பென்சிலால் இல்லை, பேனாவால்.

ஏப்ரல் 2, புதன்

காரிடாரில் எலும்பு டாக்டர் நிறுத்தினார். உங்கள் பொண்ணு போன வாரம் வந்திருந்தாள், நல்ல பிள்ளை என்றார். அத்தையின் முட்டிக்கு ஆபரேஷன் எப்போது வேண்டியிருக்கும், தான் வெளிநாட்டில் இருக்கும்போது யார் பார்ப்பது என்று கேட்டாளாம். "ஆபரேஷனா, யார் சொன்னாங்க? உங்க அம்மாகிட்ட அன்னைக்கே சொன்னேனேம்மா, தாராளமா மலையேறலாம்னு — அப்படின்னு சொல்லி அனுப்பிட்டேன்" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

போன வாரம்.

போன வாரத்திலிருந்து அவளுக்குத் தெரியும். இவ்வளவு நாளும் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். நேற்று என் தலையில் வெள்ளை முடி கூடிவிட்டது என்று தொட்டுக் காட்டினாள். ஒரு வார்த்தை? ஒரு முறைப்பு? இல்லையே. எப்படி இருக்க முடிகிறது? யாரிடம் கற்றாள் இந்த அழுத்தத்தை — என்னிடம்தான், வேறு யாரிடம்.

பரீட்சைப் பொய்யைப் பிடித்துவிட்டுத்தான் மாடியை உலுக்கியிருக்கிறாள், அது டாக்டர் பேச்சைச் சொல்லியிருக்கிறது. என்னிடம் யாரும் எதையும் சொல்லவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

காலையில் அவளே டீ போட்டுக் கொடுத்தாள். "அம்மா, தடியான சாக்ஸ் எடுத்து வெச்சிட்டியா?" எடுத்து வைத்துவிட்டேன் என்றேன். அவ்வளவுதான் பேச்சு. டீயில் ஆடை எடுத்திருந்தாள்.

திட்டித் தொலைக்க மாட்டாளா?

ஏப்ரல் 4, வெள்ளி

விடிந்தால் பயணம். படியேறிப் போய் நாத்தனாரிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். நான் கேட்டது வேறு, சொன்னது வேறு, நீயும் வா — இவ்வளவுதானே, நாக்கு என்ன தேய்ந்தா போய்விடும்? பாதிப் படி ஏறினேன். மேலேயிருந்து குரல் வந்தது. "அண்ணி, ஏதாவது வேணுமா?"

துணி காய்ந்துவிட்டதா என்று பார்க்க வந்தேன் என்றேன். துணியெல்லாம் எப்போதோ மடித்து உள்ளே வைத்தாயிற்று. அதுவும் அவளுக்குத் தெரியும், அவள்தான் மடித்தாள்.

இறங்கி வந்துவிட்டேன்.

ஏப்ரல் 5, சனி

ஒற்றைக் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் வண்டி வந்து நின்றது. நாங்கள் மூன்று பேரும் பையோடு வாசலில். பொண்ணு மட்டும் ஏறாமல் மாடிப்படியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தட், தட் என்று நாத்தனார் இறங்கி வந்தாள். முட்டியில் அந்தக் கடை உறை, கையில் கோல், முதுகில் சின்னப் பை. இவர் ஒன்றும் அறியாதவர்போல வண்டிச் சக்கரத்தைப் பார்த்தார். ஆக இவருக்கும் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியாது.

வண்டியில் ஏறினோம்.

அடிவாரத்தில் மலைக்காரி நின்றிருந்தாள். குள்ளம், போனில் கேட்ட குரலுக்குப் பொருத்தமே இல்லை. எல்லார் காலையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு நாத்தனாரை முன்னால் நிறுத்தினாள். பின்னாலேயே பொண்ணு, அப்புறம் இவர், கடைசியில் நான். பாதை ஓர் ஆள் அகலம்தான். கீழ் ஊரில் உருளைக்கிழங்கும் சூப்பும் கொடுத்தார்கள், சாப்பிட்டுவிட்டு மறுபடி அதே வரிசை. வழி முழுக்க முன்னால் அவர்கள் இரண்டு பேரும் பேசிச் சிரிப்பது காதில் விழுந்தது, என்ன பேசுகிறார்கள் என்று மட்டும் கேட்கவில்லை. முந்தவும் முடியாது. நடக்கத் தெம்பு இருந்தும் ஒரு நொண்டிக்குப் பின்னால் ஊர்ந்தேன்.

மேல் ஊரில் மலைக்காரி கட்டில் சொன்னாள். அவர்கள் மூன்று பேரும் பெரிய வீடு. நர்ஸம்மா மட்டும் இப்படி வாங்க.

நான் விடவில்லை. மற்றவர்கள் பைகளை வைக்கப் போனதும் அவளைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். இது எப்படி? நான் என் பொண்ணு பேரைத்தானே சொன்னேன்?

"நீங்க அவங்க பேரைச் சொன்னீங்க. அவங்க உங்க பேரைச் சொல்லணுமில்ல?" என்றாள். "யார் தனியா இருக்கட்டும்னு கேட்டேன். ரெண்டு பேர் உங்களைச் சொன்னாங்க. உங்க நாத்தனார் மட்டும், நானே இருந்துக்கறேன்னாங்க. ரெண்டு பெருசா ஒண்ணு பெருசா, நீங்களே சொல்லுங்க."

இரண்டு பேர். பொண்ணு சரி. இவருமா?

இவரைக் கிணற்றடியில் பார்த்துக் கேட்டேன். நான் ஒன்றும் சொல்லவில்லையே, அந்தம்மா கேட்டார்கள், யார் தனியாக இருந்தால் எல்லாரும் நன்றாகத் தூங்குவார்கள் என்று... என இழுத்தார். முகம் கழுவப் போய்விட்டார். இந்த மனுஷன் ‘நன்றாக இருக்காது’ என்று வாழ்க்கையில் சொன்ன ஒரே விஷயம் நான்.

ஏப்ரல் 6, ஞாயிறு

இன்று நடை இல்லை, ஊரிலேயே ஓய்வு. விறகுக் கொட்டகைக்குப் பக்கத்தில் பொண்ணு கைகால் நீட்டி வெயில் காய்ந்துகொண்டிருந்தாள். போய் உட்கார்ந்தேன். அவளாக நகர்ந்து இடம் விட்டாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், எல்லாம் உனக்காகத்தான் செய்தேன் என்று ஆரம்பித்தேன். தப்பான ஆரம்பம். வாயிலிருந்து வந்ததும் தெரிந்துவிட்டது.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் சமாளித்திருப்பேன், கத்துகிறவர்களைச் சமாளிக்கத்தானே சம்பளம் வாங்குகிறேன்.

"உன்கூட ஒரே ரூம்ல இருக்கணும்னு நீ நேரா என்னைக் கேட்டிருந்தா சரின்னு சொல்லியிருப்பேம்மா. சந்தோஷமாச் சொல்லியிருப்பேன். நீ கேக்கவே இல்ல. எங்களுக்கு டியூட்டி போட்ட."

இப்போது கேட்கிறேன் என்றேன். இன்று ஒரு நாள், என்னோடு வந்து படு. கெஞ்சினேன். ஆமாம், கெஞ்சினேன், எழுதினால் என்ன.

"இப்ப வேண்டாம்மா" என்றாள். "இப்ப வந்தா உனக்காக வந்த மாதிரி இருக்காது. பயந்து வந்த மாதிரி இருக்கும்."

எழுந்து, உடம்பில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டு, பெரிய வீட்டுக்குள் போனாள். கொஞ்ச நேரத்தில் உள்ளே மூன்று பேரும் சீட்டாடுகிற சத்தம். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். இந்த வீட்டுக்காரி வந்து, விறகு எடுக்கணும், கொஞ்சம் தள்ளி உட்காருங்க என்றாள்.

ஏப்ரல் 7, திங்கள்

இறக்கம். இரண்டு நாளாகத் தூக்கமில்லை, பாதி வழியில் தொடை நடுங்க ஆரம்பித்துவிட்டது. கால் சொன்ன இடத்தில் நிற்கவில்லை, இரண்டு தடவை உட்கார்ந்துவிட்டேன். மலைக்காரி வரிசையை நிறுத்தினாள். என்னைக் கூப்பிட்டு முன்னால் விட்டாள்.

நாத்தனார் எட்டி வந்து கோலை நீட்டினாள். வேண்டாம், உன் வாக்கரை நீயே வைத்துக்கொள் என்றேன். என் நாக்கை என்ன செய்வது? அந்த நிலையிலும் அதுதான் வந்தது.

அவள் கோபப்படவில்லை. கோலை என் கையில் வைத்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னாள். "இருபது வருஷமா ஒரே வீட்ல இருக்கோம் அண்ணி. என் முட்டிக்காக நீங்க கவலைப்பட்டு நான் பாத்ததே இல்ல. அன்னைக்குப் பட்டீங்க. அப்பவே தெரிஞ்சுபோச்சு, டாக்டர் அப்படிச் சொல்லலைன்னு."

பின்னே எதற்குச் சரி என்றாய்?

"அவகூட இருக்கணும்னு உங்களுக்கும் ஆசை இருக்கும்ல. போயிட்டு வரட்டும்னுதான் பரீட்சைன்னு சொன்னேன். அவதான் நம்பல."

அப்புறம் அவள் தன் இடத்துக்குப் போய்விட்டாள். நான் கோலை ஊன்றி இறங்கினேன். பின்னால் யாரும் பேசவில்லை, சிரிக்கவில்லை. என் வேகத்துக்கு எல்லாரும் வந்தார்கள். ஒரு தடவையாவது திரும்பிப் பார்த்திருக்கலாம். அடிவாரம் வரும்வரை பார்க்கவில்லை.

அன்று படியிலேயே பிள்ளையை எனக்குக் கொடுத்துவிட்டுத்தான் மேலே போயிருக்கிறாள். நான் திருட வேண்டியதே இல்லை. சனியன், இதை ஏன் சொன்னாள்? சொல்லாமல் இருந்திருந்தால் அவளை வெறுத்துக்கொண்டாவது இருந்திருப்பேன்.

ஏப்ரல் 19, சனி

விமான நிலையம். என்னைக் கட்டிக்கொண்டு, உடம்பைப் பார்த்துக்கோ, பிரஷர் மாத்திரையை மறக்காதே என்றாள். டிஸ்சார்ஜ் ஆகிப் போகிறவர்களுக்கு நான் சொல்கிற அதே வரிசை. அத்தையிடம் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு பேரும் விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார்கள், அறிவிப்பு வந்த பிறகும். நான் பையைப் பார்த்துக்கொண்டேன்.

ஏப்ரல் 23, புதன்

போன் வந்தது. வீடு கிடைத்துவிட்டது, குளிர்கிறது, சாப்பாடு பரவாயில்லை. நல்ல மாதிரியாகத்தான் பேசினாள். நான் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். வைத்த கையோடு மாடியில் மணி அடித்தது. அங்கே பேச்சு நான் சமைத்து முடிக்கும்வரை ஓடியது. இடையிடையே சிரிப்பு.

ஏப்ரல் 26, சனி

சமையலறையில் குக்கர் மூடியைத் தேய்த்துக்கொண்டே இவரைக் கேட்டேன், நான் நல்லவளா கெட்டவளா என்று. நல்லாத்தானே இருக்கே என்றார்.

ஏப்ரல் 28, திங்கள்

மே மாத டியூட்டி சார்ட் போட்டேன்.

குட்டைக்காரிக்கு ஒரு மாத நைட் முடிகிறது, கண்ணுக்குக் கீழே கருத்துப்போயிருக்கிறாள். அவள் தோழியின் அப்பா போன வாரம் இறந்துவிட்டார். தோழிக்கு மதியம். குட்டைக்காரிக்குக் காலை. சேர்த்துப் போடலாமா என்று யோசித்தேன். போடவில்லை. எனக்கு வாய்க்காதது இவர்களுக்கு மட்டும் எதற்கு என்று தோன்றியது. அதையும் எழுதிவைக்கிறேன்.

நைட்டுக்கு ஆள் வேண்டும். ஒவ்வொரு பேராகப் பார்த்துக்கொண்டு வந்தேன். இவள் கூட நிற்க அவள் இருக்கிறாள், அவளுக்கு இன்னொருத்தி இருக்கிறாள். யாரும் கூட நிற்க விரும்பாத ஆள் யார்?

இன்-சார்ஜ் நைட் பார்க்கக் கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை. மேட்ரன் ஆச்சரியப்பட்டார், ஒரு மாதம் முழுக்கவா என்றார். ஆமாம் என்றேன்.

என் பேரை எழுதினேன். பேனாவால்.